யார் இட்ட பெயர்?

சில ஆண்டுகளுக்கு முன், கிளிநொச்சி மாவட்டத்துப் பாடசாலை ஒன்றில் நான் படிப்பித்துக்கொண்டிருந்த காலத்தில், மாணவர் விபரங்களைத் திரட்டும் படிவம் ஒன்றை வகுப்பிலே நிரப்புவிக்க நேர்ந்தது. பெயர், பிறந்த திகதி, முகவரி என்பவற்றுக்குக் கீழே 'இனம்' என்றொரு நிரல் இருந்தது. பின்வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் அதில் 'இலங்கைத் தமிழர்' என்று எழுதியிருந்தான். அவனுடைய பாட்டனார் 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின்னர் மலையகத்துத் தோட்டமொன்றிலிருந்து வன்னிக்கு வந்து குடியேறியவர் என்பதை நான் அறிவேன். ஆகவே, பிழை திருத்தும் ஆசிரிய வழக்கப்படி, சிவப்பு மையினால் 'இலங்கை' என்பதை வெட்டி, மேலே 'இந்திய' என்று எழுதினேன். அவன் எழுந்து நின்று, "சேர், நான் இந்தியாவைக் கண்டதில்லை. அப்பாவும் கண்டதில்லை. தாத்தாவும் கண்டதில்லை. பிறகு ஏன் இந்தியத் தமிழர்?" என்று கேட்டான். "படிவத்தில் அப்படித்தான் எழுதவேண்டும், தம்பி" என்று சொல்லிவிட்டு அடுத்த படிவத்தை எடுத்தேன்.

அன்று நான் கூறியது விடையன்று. அதிகாரத்தின் குரலை என் குரலாக்கிக்கொண்டு ஒரு கேள்வியைத் தட்டிக் கழித்தேன், அவ்வளவே. அக்கேள்விக்குரிய விடையைக் காலந்தாழ்த்தியேனும் தேடும் முயற்சியே இக்கட்டுரை. ஒரு நாட்டுக்கும் அந்நாட்டில் வாழும் மக்களினங்களுக்கும் வழங்கும் பெயர்கள் பற்றிய குழப்பம் வெறும் சொற்குழப்பந்தானா, அன்றி அதனடியில் அறம் பற்றிய வினா ஒன்று கிடக்கின்றதா என்பதே நாம் ஆராயவேண்டியது.

இப்பொழுது நான் பணிபுரிவது நயினாதீவில். புங்குடுதீவின் ஓரத்திலுள்ள குறிகட்டுவான் துறையில் நின்று பார்ப்பவர்க்கு ஒரு காட்சி புலப்படும். ஒரே வள்ளத்தில் இருவகை யாத்திரிகர் ஏறுகின்றனர். தெற்கிலிருந்து வெள்ளுடை தரித்து வரும் சிங்கள மக்கள் செல்வது 'நாகதீப'த்துக்கு. கையில் அருச்சனைத் தட்டுக்குரிய பொருள்களோடு வரும் எம்மவர் செல்வது 'நயினாதீவு'க்கு. வள்ளம் ஒன்று; கடல் ஒன்று; சேருமிடமும் ஒன்றே. புத்தர் இங்கு எழுந்தருளி, ஓர் ஆசனத்துக்காகப் போரிட்ட இரு நாக அரசரைச் சமாதானப்படுத்தினார் என்று மகாவம்சம் கூறும். ஏறத்தாழ அதே கதையை மணிபல்லவம் என்னும் தீவின்மேல் ஏற்றி மணிமேகலை கூறும். அம்மணிபல்லவம் நயினாதீவே என்று கொள்ளும் ஆராய்ச்சியாளரும் உளர், மறுப்போரும் உளர். எவ்வாறாயினும், இரு மொழியினரும் ஒரே கதையைப் பேணி வந்துள்ளனர் என்பது தெளிவு. நாகபூசணி அம்மன் கோயிலிலுள்ள கல்வெட்டோ இன்னொரு பாடம் புகட்டுகின்றது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பொலனறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. ஊராத்துறைக்கு வரும் அந்நிய வணிகருக்குப் பாதுகாப்பு அளிக்கவேண்டும் என்றும், யானை, குதிரை ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு என்றும், பிற சரக்காயின் சரிபாதி என்றும் அது விதிக்கின்றது. அந்த ஆணை தமிழிலே பொறிக்கப்பட்டிருக்கின்றது. சிங்கள மன்னன் எனப் போற்றப்படும் அவன், சொல்ல வேண்டியதைக் கேட்கவேண்டியவர்க்கு விளங்கும் மொழியிற் சொன்னான். அதனால் அவனுடைய அரசு குறைந்துவிடவில்லை.

ஆகவே, ஒரிடத்துக்கு இரண்டு பெயர் இருப்பது தன்னளவில் தீமையன்று. தாய் ஒரு பெயரிட்டும் பாட்டி ஒரு பெயரிட்டும் அழைக்கும் பிள்ளை இரண்டுக்கும் ஓடிவருகின்றது. ஒரு பெயர் மற்றப் பெயரை அழிக்க முற்படும்போதே தீமை தொடங்குகின்றது.

இத்தீவுகளுக்கே ஒருகாலத்தில் மூன்றாவதொரு பெயர்வரிசை சூட்டப்பட்டது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், தம் ஊர்களின் பெயர்களை எங்கள் தீவுகளின்மேல் ஒட்டினர். நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று; வேலணைத்தீவு லெய்டன்; காரைதீவு அம்ஸ்ரடாம்; அனலைதீவு றொட்டர்டாம்; புங்குடுதீவு மிடில்பேர்க்; நயினாதீவு ஹார்லெம். டெல்வ்ற் என்ற ஒன்றைத் தவிர ஏனையவை நாவிலே தங்காது ஒழிந்தன. படைபலத்தினால் ஒட்டிய பெயர் மக்கள் வாயில் ஏறாவிடின் நிலைப்பதில்லை.

ஆனால் இங்கே நம்முடைய பிழையும் ஒன்றுண்டு. அவர்களை நாம் 'ஒல்லாந்தர்' என்கிறோம். அவர்களுடைய நாட்டின் பெயர் நெதர்லாந்து. ஒல்லாந்து என்பது அதன் மேற்குக் கரையிலுள்ள ஒரு பகுதி. இன்று வட ஒல்லாந்து, தென் ஒல்லாந்து என இரு மாகாணங்களாய் உள்ளது. அங்குள்ள மாகாணங்கள் பன்னிரண்டு. மேற்கூறிய ஊர்களுள் மிடில்பேர்க் ஒல்லாந்தைச் சேர்ந்ததே அன்று. சீலாந்து மாகாணத்தின் தலைநகர் அது. செல்வமும் கப்பலும் மிகுந்த பகுதி ஒல்லாந்து ஆதலின், அதன் பெயரே முழு நாட்டின் பெயராய் உலகெங்கும் பரவிற்று.

ஆங்கிலேயர் விடயமும் இத்தகையதே. 'இங்கிலாந்து நம்மை ஆண்டது' என்று நாம் பாடம் சொல்லுகிறோம். ஆண்டது இங்கிலாந்து மட்டுமன்று. வேல்ஸ் 1536ஆம், 1543ஆம் ஆண்டுச் சட்டங்களினால் இங்கிலாந்துடன் இணைக்கப்பட்டது. 1707இல் ஸ்கொத்லாந்து சேர்ந்து பெரிய பிரித்தானியா தோன்றியது. 1801இல் அயர்லாந்தும் சேர்ந்து ஐக்கிய இராச்சியமாயிற்று. 1922இல் அயர்லாந்தின் பெரும்பகுதி பிரிந்து சென்றது. 1867இல் லூல்கந்துரையில் தேயிலைத் தோட்டம் தொடங்கிய ஜேம்ஸ் ரெயிலர் ஸ்கொத்லாந்துக்காரர். அவரை நம் பாடநூல் வழக்கிலே 'ஆங்கிலேயர்' என்று சொல்லிவிடுகிறோம். கேட்கும் ஸ்கொத்லாந்தியன் முகஞ்சுளிப்பான். அந்த முகச்சுளிப்பின் ஆழத்தில் ஓர் அரசியல் உண்டு என்பதை 2014 செப்டெம்பரில் நிகழ்ந்த மக்கள் தீர்ப்பு காட்டிற்று. நூற்றுக்கு நாற்பத்தைந்து பேர் பிரிந்து போகவே வாக்களித்தனர்.

இவ்வுதாரணங்களிலிருந்து ஒரு பொதுவிதி தோன்றுகின்றது. பல பகுதிகள் சேர்ந்த ஒரு முழுமையில், வலிமை மிக்க பகுதியின் பெயர் மெல்ல முழுமையின் பெயராகிவிடும். இது பெரும்பாலும் ஆணையினால் நிகழ்வதில்லை, பழக்கத்தினால் நிகழும். வலிமை மிக்க பகுதிக்கு அது குழப்பமாகவே தோன்றாது. 'இரண்டும் ஒன்றுதானே' என்று அது வெகுளித்தனமாகக் கேட்கும். ஒன்றல்ல என்பது சிறிய பகுதிக்கே உறைக்கும். எனவே, பெயர்க்குழப்பம் அறியாமையிலிருந்து பிறப்பது போலத் தோன்றினும், அந்த அறியாமையை வளர்த்து வைத்திருப்பது அதிகாரமே.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1972 மே 22இல் 'சிலோன்' என்ற பெயர் நீங்கி 'ஸ்ரீ லங்கா' வந்தது. அந்நியன் இட்ட பெயரை அகற்றிச் சுதேசப் பெயரைச் சூட்டினோம் என்று முற்போக்காளர் பலரும் அன்று மகிழ்ந்தனர். ஆயின் தமிழில் என்ன மாற்றம் நிகழ்ந்தது? நாம் முன்பும் 'இலங்கை' என்றோம். பின்பும் 'இலங்கை' என்கிறோம். இன்றைய அரசியலமைப்பின் தமிழ் வாசகத்திலும் நாட்டின் பெயர் 'இலங்கை சனநாயக சோசலிசக் குடியரசு' என்றே உள்ளது. சிங்கள மக்களும் காலங்காலமாக 'லங்கா' என்றே வழங்கினர். புதிதாய் வந்தது 'ஸ்ரீ' என்னும் அடைமொழி ஒன்றே. அந்த எழுத்தோ 1957இல் மோட்டார் வாகனங்களின் இலக்கத் தகட்டில் சிங்களத்தில் ஏற்றப்பட்டு, வடக்கில் எதிர்ப்பும் தெற்கில் எதிரெதிர்ப்புமாகத் தெருவிலே தாரும் தூரிகையும் கொண்டு போரிடப்பட்ட எழுத்து. மங்கலச் சொல்லாகிய அதுவே ஒரு பகுதியினரின் காதில் வெற்றி முழக்கமாக ஒலித்தது. இதன் விளைவாகவே தமிழில் இன்றும் ஒரு நுட்பமான வேறுபாடு நிலவுகின்றது. தன் மண்ணைக் கருதும்போது 'இலங்கை' என்கிறவன், தன்னை ஒடுக்கிய அரசைக் கருதும்போது 'சிறீலங்கா அரசு' என்கிறான். ஒரே நாட்டின் இரு பெயர்கள், உறவையும் அந்நியத்தையும் பிரித்துக் காட்டும் இரு சொற்களாகிவிட்டன.

அந்த 1972ஆம் ஆண்டு யாப்பை ஆக்குவதில் தலைமை தாங்கியவர் கொல்வின் ஆர். டி சில்வா. இடதுசாரி வாசகர்க்கு இப்பெயர் வலி தரும். 1956இல் தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்து, ஒரு மொழியை மாத்திரம் திணித்தால் நாடு இரண்டாகும் என்று பாராளுமன்றத்தில் எச்சரித்தவரும் அவரே. பதினாறு ஆண்டுகளின் பின் அவர் கைப்பட்ட யாப்பே சிங்களத்தை அரசகரும மொழியாக யாப்பினுள் நிறுத்தியது. பௌத்தத்துக்கு முதன்மை இடமும் அளித்தது. தனிமனிதனை இகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. முழுமையின் பெயரால் பேசும் பதவி கிட்டியதும், பகுதியின் குரலை முழுமையின் குரலாக எண்ணி மயங்குவது எத்துணை எளிது என்பதற்கு இதனிலும் சிறந்த சான்றில்லை.

இவ்விடத்தில் தோழர் சிலர் ஒரு தடை கூறுவர்: "பெயரா முக்கியம்? சோறும் கூலியும் அன்றோ முக்கியம்? பெயர்ச் சண்டை மத்தியதர வர்க்கத்தின் பொழுதுபோக்கு." மேலோட்டமாகப் பார்க்கின் இது நியாயமே. ஆனால் மலையகத் தொழிலாளரின் வரலாறு இத்தடையைத் தகர்க்கின்றது. 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் 'இந்தியத் தமிழர்' என்று தனியாக வகுக்கப்பட்ட மக்கள் அவர்கள். நிரலில் எழுதிய அந்த அடைமொழி முப்பத்தேழு ஆண்டுகளின் பின் வாளாக மாறிற்று. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களைப் பிரசைகளல்லாதோர் ஆக்கியது. 1947இல் தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய அம்மக்கள், 1952இல் வாக்களிக்கவும் வழியின்றி நின்றனர். 1964 ஒக்டோபரில் இரண்டு பிரதமர்கள் அமர்ந்து, ஐந்தேகால் இலட்சம் பேர் உங்களுக்கு, மூன்று இலட்சம் பேர் எங்களுக்கு, எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பார்ப்போம் என்று பங்கிட்டனர். நாட்டுக்கு அந்நியச் செலாவணியை ஈட்டித் தந்த கைகள் அவை. சோற்றையும் கூலியையும் கேட்பதற்குரிய வாக்கைப் பறித்தது எது? ஒரு பெயர். உழைப்பாளியின் வயிற்றுக்கும் அவனுக்குச் சூட்டப்படும் பெயருக்கும் இடையே உள்ள தொடர்பு இதுதான்.

பெயர்க்குழப்பம் சட்டத்தினுள்ளும் புகுந்து விளையாடுவதைக் காண்கிறோம். 1949 டிசெம்பரில் தோன்றிய கட்சிக்குத் தமிழில் 'இலங்கைத் தமிழரசுக் கட்சி' என்று பெயர். ஆங்கிலத்தில் 'பெடரல் கட்சி', அதாவது சமஷ்டிக் கட்சி. ஒரு பெயர் அரசைச் சுட்டுகின்றது. மற்றது இணைந்த ஆட்சிமுறையைச் சுட்டுகின்றது. பிற்காலத்தில் அக்கட்சி தன் யாப்பில் 'சமஷ்டி' என்ற சொல்லை 'இணைப்பாட்சி' என்று மாற்றியபோது, இது பிரிவினையே எனக் கூறி உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. சமஷ்டி கேட்பது பிரிவினை கேட்பதாகாது என்று 2017 ஓகஸ்ட் 4இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு அடுத்த மாதம் வெளிவந்த அரசியலமைப்பு இடைக்கால அறிக்கையோ, நாட்டைச் சிங்களத்தில் 'ஏகீய ராஜ்ய' என்றும் தமிழில் 'ஒருமித்த நாடு' என்றும் வருணித்தது. 1978ஆம் ஆண்டு யாப்பின் தமிழில் உள்ள சொல் 'ஒற்றையாட்சி'. தெற்கில் உள்ளவர் தம் சொல்லில் பழைய ஒற்றையாட்சியைக் கண்டார். வடக்கில் உள்ளவர் தம் சொல்லில் பலர் கூடி ஒருமித்தலைக் கண்டார். பின்னர் இருபுறத்தாரும் மற்றவர் ஏமாற்றுகிறார் என்று ஐயுற்றனர். இணக்கம் காணாத இடத்தை இரு சொற்களால் மூடிவைக்கலாம். ஆனால் மூடிய பள்ளம் பள்ளமே.

இதுவரை சொன்னவற்றைப் படித்துத் தமிழ் வாசகர் தலையசைத்திருப்பர். இனிச் சொல்வது நமக்கு.

'ஈழம்' என்பது தொன்மையான சொல். சங்க இலக்கியத்தில் வருவது. சோழர் கல்வெட்டுகளில் 'ஈழமண்டலம்' எனப் பயில்வது. அங்கெல்லாம் அது இத்தீவையே குறித்தது. 'சீஹள' என்ற சொல்லின் திரிபே ஈழம் என்று கூறும் அறிஞரும் உண்டு. அதை ஏற்காதோரும் உண்டு. 1930இல் 'ஈழகேசரி' தொடங்கியபோதும், 1959இல் 'ஈழநாடு' தொடங்கியபோதும், 'ஈழத்து இலக்கியம்' என்ற முழக்கம் எழுந்தபோதும் முழுத்தீவுமே கருதப்பட்டது. 1976 மே மாதத்து வட்டுக்கோட்டைத் தீர்மானத்தின் பின் அச்சொல் வடக்கும் கிழக்கும் என்று சுருங்கியது. 1983 ஓகஸ்டில் வந்த ஆறாந் திருத்தம் பிரிவினைக் கோரிக்கையையே குற்றமாக்கிய பிறகு, பழம்பெருஞ் சொல் ஒன்று சந்தேகத்துக்குரிய சொல்லாகியது. முழுமையின் பெயரைப் பகுதிக்கு எடுத்துக்கொண்டோம். துன்பத்தில் எடுத்தோம், காரணத்தோடு எடுத்தோம் என்பது உண்மை. எடுத்தபோது, அந்தப் பகுதிக்குள் வாழும் எல்லோரையும் கேட்டோமா?

முஸ்லிம் மக்களைக் கேட்கவில்லை. சேர். பொன்னம்பலம் இராமநாதன் 1888இல் எழுதிய கட்டுரையில், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று வாதித்தார். 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் அதை மறுத்து எழுதினார். தம்மை யார் என்று கூறும் உரிமை தமக்கே உரியது என்பதே அம்மறுப்பின் உயிர்நிலை. பின்னாளில் 'தமிழ் பேசும் மக்கள்' என்ற பெயருக்குள் அவர்களை அடக்கினோம். எண்ணிக்கைக்கு வேண்டியபோது 'தமிழ் பேசும் மக்கள்'. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து துரத்தப்பட்டபோது வேற்றார். ஒரு பெயரால் அணைத்துக்கொள்வதும் இன்னொரு பெயரால் வெளியேற்றுவதும் ஒரே கையின் வேலை.

சாதியின் பெயரால் ஒடுக்கப்பட்டோரைக் கேட்டோமா? 'தமிழர்' என்று மேடையில் ஒரே மூச்சிற் சொல்லும் நாம், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் அவர்களை மறித்து நின்றோம். அங்கே 'தமிழர்' என்னும் முழுமையின் பெயரை உயர்சாதிப் பகுதி தன்னுடையதாக்கிக்கொண்டது. தெற்கில் 2016இன் தொடக்கத்தில் 'சிங்ஹலே' என்ற சொல்லை வாகனங்களில் ஒட்டிக்கொண்டு திரிந்தோரைக் கண்டு நாம் அஞ்சினோம். கண்டி இராச்சியத்துக்கு வழங்கிய பெயரை முழுத்தீவின்மேல் போர்த்தும் முயற்சி அது. அந்த ஒட்டுத்தாளைக் கண்டறிந்த நம் கண், நம் கோயில் வாசலைக் காணவில்லை.

மலையக மக்கள் பற்றியோ சொல்லவே வேண்டாம். 1948இலும் 1949இலும் அவர்களுடைய உரிமையைப் பறித்த சட்டங்கள் நிறைவேறியபோது அமைச்சரவையில் தமிழரும் அமர்ந்திருந்தனர். 'தோட்டக்காட்டார்' என்ற இழிசொல்லைக் கண்டுபிடித்தது சிங்களம் அன்று. 2023இல், தாம் இங்கு வந்த இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து, முன்னோர் நடந்த வழியே தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அம்மக்கள் நடந்தனர். 'மலையகத் தமிழர்' என்பது அவர்கள் தாமே தேர்ந்துகொண்ட பெயர். அவர்களுள் 'இலங்கைத் தமிழர்' என்றே எழுத விரும்புவோரும் உளர். எதுவாயினும் தேர்வு அவர்களுடையது.

ஆக, இங்கிலாந்துக்கும் பிரித்தானியாவுக்கும், சிங்களத்துக்கும் இலங்கைக்கும், உயர்சாதிக்கும் தமிழுக்கும் இடையே நிகழ்வது ஒன்றே. நம்மினும் பெரியது நம்மை விழுங்கும்போது அது நமக்கு அநீதியாகத் தெரிகின்றது. நம்மினும் சிறியதை நாம் விழுங்கும்போது அது ஒற்றுமையாகத் தெரிகின்றது.

இதற்கு அளவுகோல் யாது? யாழ்ப்பாணத்துப் பங்குக் கிணற்றை நினைத்துக்கொள்க. காணியுறுதியில் நிலத்தோடு கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும் எழுதப்பட்டிருக்கும். பங்காளி ஐவராயின் ஐவருக்கும் பட்டைபோட உரிமையுண்டு. பெரும்பங்கு உடையவன் நாளடைவில் அதைத் 'என்ரை கிணறு' என்று சொல்லத் தொடங்குகிறான். சொல்வதால் தண்ணீர் குறையவில்லை. ஆனால் ஒரு தலைமுறை கழிந்தபின், ஏனைய நால்வரின் பிள்ளைகள் அவனிடம் கேட்டுவிட்டே தண்ணீர் அள்ளுவர். பெயர் உரிமையைச் சலுகையாக்கிவிட்டது. ஆகவே பொதுச்சொத்துக்குப் பொதுப்பெயரே வேண்டும். அப்பெயரைச் சொல்லும்போது மிகச் சிறிய பங்காளியும் 'எங்கள்' என்று சொல்லக்கூடியதாய் இருக்கவேண்டும். அவனால் அப்படிச் சொல்ல முடியாவிட்டால், பெயர் எத்துணை பழமையானதாயினும், எத்துணை இனிமையானதாயினும் அதிலே களவு உண்டு. அந்தக் கிணற்றருகே தண்ணீருக்கு நின்று, தொடவிடாது தடுக்கப்பட்டோரையும் இங்கே மறத்தலாகாது. பங்காளிப் பட்டியலில் பெயரே இல்லாதவனிடமிருந்துதான் கணக்கைத் தொடங்கவேண்டும்.

இன்று என் வகுப்பில் அத்தகைய படிவம் வரின், அந்த நிரலை மாணவரே நிரப்புகின்றனர். நான் சிவப்புப் பேனாவை எடுப்பதில்லை. இது மிகச் சிறிய செயல். இதனால் எந்தச் சட்டமும் மாறிவிடாது என்பதை அறிவேன். சட்டங்களை மாற்றுவதற்கு உழைக்கும் மக்கள் மொழி கடந்து ஒன்றுசேரவேண்டும். அந்தப் பெரும்பணி நம்முன் கிடக்கின்றது. ஆனால் ஒன்றுசேர வருகின்றவனை அவனுடைய பெயரால் அழைக்கத் தெரியாதவர்கள் அவனோடு எங்ஙனம் ஒன்றுசேர்வது?

அந்த மாணவன் இன்று இளைஞனாயிருப்பான். அவன் எழுதியது பிழையன்று. திருத்தியவனே பிழைத்தான்.